வார மாவும் வீட்டுச் சமையல் ஒழுங்கும்

கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், பள்ளி வேன் ஏழரை மணிக்கு வாசலுக்கு வந்துவிடும் என்றால், காலை ஐந்தரையிலிருந்து ஏழேகால் வரையிலான நேரத்தில்தான் அன்றைய சமையலில் பெரும்பகுதி நடந்தாக வேண்டும். காலை உணவு, மூன்று நான்கு டிபன் பாக்ஸ், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். சமையல் தெரிந்திருந்தால் மட்டும் இதைச் சமாளிக்க முடியாது. எந்த வேலையை முந்தைய நாளே முடிப்பது, எதை வாரத்திற்கு ஒருமுறை செய்வது, எதை அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும் என்ற பிரிவினைதான் இங்கு முக்கியம். தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பிரிவினைக்கு மையமாக இருப்பது இட்லி மாவு.

மாவு எப்படி வேலையைக் குறைக்கிறது

ஒருமுறை அரைத்த மாவு நான்கைந்து வேளைக்கு உணவாகிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவில் போட்டால் ஏறத்தாழ இரண்டரை கிலோ மாவு கிடைக்கும். சனிக்கிழமை மதியம் அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்து, மாலையில் அரைத்து, இரவு முழுவதும் வெளியில் புளிக்கவிட்டால் ஞாயிறு காலைக்கு இட்லி தயார். மீதி மாவு குளிர்சாதனப் பெட்டிக்குப் போகிறது. திங்களன்று மீண்டும் இட்லி ஊற்றலாம். செவ்வாய், புதனில் மாவு சற்றுப் புளித்திருக்கும். அது தோசைக்கு ஏற்றது. வியாழனுக்கு மிஞ்சினால் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ, கடுகு தாளித்துக் குழிப்பணியாரமோ ஆகும். மாவின் புளிப்பு ஏற ஏறப் பலகாரமும் மாறிக்கொண்டே போவதால், ஒரே மாவைத் தின்கிறோம் என்ற சலிப்பு பெரிதாக எழுவதில்லை.

மாவு பொங்குவதற்குக் காரணம் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். இவற்றுள் முதன்மையானது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் இது வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயு, உளுந்தின் வழவழப்பில் சிக்கி வெளியேற முடியாமல் மாவை உப்பச் செய்கிறது. உளுந்தை நன்கு நுரைக்க அரைக்க வேண்டும் என்று சொல்வதும், கிரைண்டர் சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த நீர் தெளிப்பதும் இந்த வழவழப்பைக் காப்பதற்காகத்தான். உப்புப் போட்டுக் கையால் கரைத்தால்தான் புளிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. புளிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் தானியத்திலேயே இருக்கின்றன. கையால் கரைப்பதில் உள்ள உறுதியான பலன், அரிசி மாவும் உளுந்து மாவும் சீராகக் கலப்பதே.

சுமார் 30 பாகை வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். சென்னை, மதுரைக் கோடையில் ஆறு மணி நேரமே போதும். இரவு பதினொன்றுக்கு அரைத்தது விடிவதற்குள் வழிந்து மேடையில் ஓடிவிடுவதும் உண்டு. அதனால் பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் மாவை நிரப்பக்கூடாது. மாறாக, ஊட்டி, கொடைக்கானலில் மார்கழி மாதத்தில் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கிறார்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் தமிழர்களோ, அவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, உள்ளே மாவை வைப்பார்கள்.

குளிர்சாதனப் பெட்டி புளிப்பை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. மாவை ஒரே பெரிய பாத்திரத்தில் வைத்துத் தினமும் வெளியே எடுத்தால், ஒவ்வொரு முறையும் அது வெப்பமேறி விரைவில் புளித்துவிடும். இரண்டு பாத்திரங்களாகப் பிரித்து, முதலாவது தீரும்வரை இரண்டாவதைத் தொடாமல் வைப்பதே நல்லது. சிறிய செய்திதான். ஆனால் புதன்கிழமை மாவு வீணாகாமல் இருப்பது பல நேரம் இதைப் பொறுத்தே அமைகிறது.

ஆட்டுக்கல்லில் அரைத்த காலத்தில் இந்த வார ஒழுங்கு சாத்தியமில்லை. கையால் மணிக்கணக்கில் ஆட்ட வேண்டியிருந்ததாலும், குளிர்சாதனப் பெட்டி இல்லாததாலும், பல வீடுகளில் இட்லி தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களின் பலகாரமாகவே இருந்தது. மின்சார கிரைண்டர் கோயம்புத்தூரில் உருவாகிப் பரவிய பின்பே அது அன்றாட உணவாயிற்று. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இன்று பால் பாக்கெட் விற்கும் கடையிலேயே மாவும் கிடைக்கிறது. அவசரத்திற்கு அது உதவும். வாரம் முழுவதும் அதையே நம்பினால் செலவு கூடும். எப்போது அரைத்த மாவு என்பதும் பல சமயம் தெரியாது.

ஒரு குக்கர், இரண்டு குழம்பு

மாவுக்கு அடுத்தபடியாக நேரத்தை மிச்சப்படுத்துவது அடுக்கு வைத்த பிரஷர் குக்கர். கீழ்த்தட்டில் துவரம்பருப்பு, மேல்தட்டில் அரிசி, இடமிருந்தால் ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு அல்லது பீட்ரூட் என்று ஒரே சமயத்தில் வேகவைக்கலாம். அழுத்தம் கூடும்போது தண்ணீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து 120 பாகை வரை உயர்வதால், திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வேகும் பருப்பு கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். வெந்த பருப்பின் கெட்டியான பகுதி சாம்பாருக்கு, மேலே தெளிந்த பருப்புத் தண்ணீர் ரசத்திற்கு. காலையில் சாம்பார் வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் தனியே எடுத்துக் குளிர வைத்தால், மாலையில் புளியும் தக்காளியும் மிளகு சீரகமும் சேர்த்துப் பத்து நிமிடத்தில் ரசம் தயாராகும். இரவுக்கென்று மறுபடி குக்கர் ஏற்ற வேண்டியதில்லை.

ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வாரநாட்களின் காலைகள் வெகுவாக இலகுவாகும். சின்ன வெங்காயம் உரித்து வைப்பது, தேங்காய் துருவி உறைபெட்டியில் வைப்பது, கீரையை ஆய்ந்து கழுவாமல் தாளில் சுற்றி வைப்பது, இஞ்சி பூண்டு விழுது அரைப்பது ஆகியவை அந்த ஒரு மணி நேரத்தில் முடியும். எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவிட நினைப்பதும் தவறு. தேங்காய்ச் சட்னி காலையில் அரைத்து மதியத்திற்குள் தீர்க்க வேண்டியது. நறுக்கிய வெண்டைக்காய் ஒரே இரவில் கொழகொழத்துப் போகும்.

பொடி வகைகள் வீட்டின் சேமிப்புக் கணக்கைப் போன்றவை. சாம்பார்ப் பொடிக்கு மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை வெயிலில் காயவைத்து மாவு மில்லில் அரைத்து வந்தால் நான்கு மாதம் ஓடும். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் ஈரமில்லாத கரண்டி போட்டால் ஒரு மாதத்திற்கு மேல் கெடாது. வேலையிலிருந்து இரவு எட்டரைக்குக் களைத்துத் திரும்பும் நாளில், சூடான சோறு, பருப்புப் பொடி, நல்லெண்ணெய், சுட்ட அப்பளம் இருந்தால் அதுவே முழுச் சாப்பாடு. இத்தகைய கையிருப்பு இல்லாத வீடுகளில்தான் அந்த எட்டரை மணி பெரும்பாலும் கடைச் சாப்பாட்டில் முடிகிறது.

கெடாமல் காப்பது

முன்கூட்டியே சமைக்கும் பழக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் உயிரோடு இருக்கக்கூடும். சோறு பல மணி நேரம் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது என்பதால், ‘சுட வைத்தால் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் இங்கு உதவாது. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். சாம்பாரையும் மொத்தமாகத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காமல், தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குவது நல்லது.

டிபன் பாக்ஸ் இதில் தனிக் கவனம் பெற வேண்டியது. காலை ஏழு மணிக்கு மூடிய பெட்டி பள்ளியில் பன்னிரண்டரைக்குத்தான் திறக்கப்படுகிறது. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டுச்சோற்றில் நிலைத்ததற்கு அவற்றின் புளிப்புத்தன்மை ஒரு காரணம். தயிர் சாதத்திற்கு அனுபவம் கற்றுத்தந்த ஒரு வழி இருக்கிறது: சோற்றைக் குழைத்துப் பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து கட்டினால், மதியம் திறக்கும்போது பால் உறைந்து புளிக்காத தயிர் சாதமாக இருக்கும்.

காலை நேர நெருக்கடியின் அளவை ஓர் அரசுத் திட்டமும் காட்டுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை வழங்கப்படுகின்றன. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பும் பெற்றோருக்கு இது ஒரு வேளைச் சமையலை முழுமையாகக் குறைத்திருக்கிறது.

யாருடைய வேலை

இவ்வளவு ஒழுங்குகளையும் ஒருவரே தாங்கினால் அதை ஒழுங்கு என்று சொல்வது கடினம். 2019இல் இந்தியாவில் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டனர். பெண்களில் ஐந்தில் நான்கு பேர் இவ்வேலையைச் செய்ய, ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரே செய்தார்.

கையால் செய்யும் வேலையைவிடக் கண்ணுக்குத் தெரியாதது, நினைவில் வைத்திருக்கும் வேலை. உளுந்து தீரப்போகிறது, இன்று ஊறவைக்க வேண்டும், சிலிண்டர் மாற்றி எத்தனை நாளாயிற்று, பால்காரருக்கு எந்த நாட்களுக்குப் பணம் கழிக்க வேண்டும் என்பவையெல்லாம் பெரும்பாலும் அம்மாவின் தலையில் மட்டுமே இருக்கின்றன. ‘சொன்னால் செய்திருப்பேனே’ என்று மற்றவர்கள் சொல்வதும் இதனால்தான். சொல்வதே ஒரு வேலை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பல வீடுகளில் மாத நாட்காட்டி இதற்குப் பயன்படுகிறது. பால் வாங்காத நாளில் ஒரு பெருக்கல் குறி, 14.2 கிலோ சிலிண்டர் மாட்டிய தேதியில் ஒரு வட்டம் என்று குறித்துவைத்தால், வீட்டில் எல்லோரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மளிகைப் பட்டியலையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, எந்தப் பொருளின் கடைசிப் பங்கை எடுக்கிறாரோ அவரே அதை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பங்கீட்டில் ‘உதவி’ செய்வதைவிட, ஒரு வேலையை முழுதாக ஒப்படைப்பதே பயன் தரும். மாவு ஒருவர் பொறுப்பு என்றால் உளுந்து வாங்குவது, ஊறவைப்பது, அரைப்பது, கிரைண்டர் கழுவுவது வரை அவருடையது, நினைவூட்டல் தேவைப்படக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளை தன் டிபன் பாக்ஸைக் கழுவத் தொட்டியில் போட்டு, தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி வைக்கலாம். பன்னிரண்டு வயதில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, தோசை ஊற்றப் பழகலாம். பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் சோறு வடிக்க, ரசம் வைக்க, ஒரு பொரியல் செய்யக் கற்றிருந்தால், அம்மா காய்ச்சலில் படுக்கும் நாளில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கும்.