யமுனைக் கரையில் ஓர் உழவுக் கல்லூரி

ராமேஸ்வரத்து மணலைத் திரிவேணி சங்கமத்தில் கரைக்கச் செல்லும் தமிழர்களின் ரயில், இடார்சி மார்க்கமாகப் போனால் நைனியைத் தாண்டித்தான் யமுனைப் பாலம் ஏறும். மேலே ரயிலும் கீழே சாலையுமாக உள்ள 1865-ம் ஆண்டுப் பாலத்தை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அக்கரை சேருமுன் ஆற்றோரமாக இருக்கும் விவசாயப் பல்கலைக்கழகத்தைக் கவனிப்பவர் குறைவு.

பாடம் சொன்னவர் படிக்கப் போனார்

இதை நிறுவியவர் சாம் ஹிக்கின்பாட்டம். இங்கிலாந்தில் பிறந்த இவர், அமெரிக்க பிரஸ்பிடேரியன் மிஷன் சார்பில் 1903-ல் இந்தியா வந்தார். அலகாபாத் கல்லூரியில் பொருளாதாரம் போதித்தார். சுற்றுக் கிராமங்களின் வறுமையைக் கண்டதும், வயிறு காய்ந்தவனுக்கு முதல் தேவை விளைச்சலே என்று தெளிந்தார். ஆனால் அவருக்கு விவசாயம் தெரியாது. முப்பது வயதைக் கடந்த பின் அமெரிக்கா சென்று, ஒஹையோவில் மாணவராக அமர்ந்து விவசாயம் கற்றுத் திரும்பினார்.

பாழ் நிலமே பாடப் புத்தகம்

1910-ல் தொடங்கிய நிலையத்துக்குக் கிடைத்தது சுமார் 275 ஏக்கர். மழைநீர் அரித்த பள்ளங்கள். ஆழ வேரோடிய காஸ் புல். வரப்புக் கட்டி நீரைத் தேக்கினார்கள். கோடையில் ஆழ உழுது புல்லின் வேரை வெயிலில் காய வைத்தார்கள்.

படித்தவன் ஏரைத் தொடுவது கௌரவக் குறைவு என்று பலர் எண்ணிய காலம் அது. இங்கோ மாணவர்களே வயலில் இறங்க வேண்டும் என்றார் ஹிக்கின்பாட்டம். கிராம விவசாயம் குறித்துக் காந்திஜியும் இவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

இங்கு பணியாற்றிய பொறியாளர் மேசன் வா, நம் காளைகள் இழுக்கக்கூடிய இரும்புக் கலப்பைகளை வடிவமைத்தார். நாட்டிலேயே முதன்முதலாக விவசாயப் பொறியியல் பட்டப்படிப்பு தொடங்கியதும் 1940-களில் இங்கேதான்.

இன்று

2000-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்தது. 2016-ல் உத்தரப் பிரதேச சட்டப்படி முழுப் பல்கலைக்கழகமாகி, நிறுவனர் பெயரையே தாங்கி நிற்கிறது. கிராமமாக இருந்த நைனியில் ஆலைகள் பெருகிவிட்டன. பல்கலைக்கழகத்திலும் விவசாயத்துடன் வேறு பல படிப்புகள் சேர்ந்துவிட்டன.

விவசாயப் பட்டம் பெற்றவரும் மேஜை உத்தியோகம் தேடும் காலம் இது. கற்றவன் கையில் மண் ஒட்டினால்தான் கல்வி ஊருக்குப் பயன்படும் என்ற பழைய பாடம், பட்டங்கள் பெருகிய பின்னும் அங்கே நிலைக்க வேண்டும். அடுத்த முறை நைனியைத் தாண்டும்போது, சங்கமத்தை நினைக்கும் மனம் அந்த வயலையும் ஒரு கணம் நினைக்கலாம்.