தரைவாழ் ஆர்க்கிடுகள்

மலர்ச்செடிகளின் குடும்பங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று ஆர்க்கிடுக் குடும்பம். அதில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வன; எஞ்சியவற்றுட் பல மண்ணில் வேரூன்றி வளர்வன. இவற்றையே தரைவாழ் ஆர்க்கிடுகள் என்பர். ஐரோப்பாவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் வளரும் ஓர் இனத்தை ஆங்கிலேயர் 'சீமாட்டியின் காலணி' என்று அழைக்கின்றனர். அதன் மஞ்சள் நிறக் கீழிதழ் சிறு காலணியைப் போல உப்பியிருப்பதே இப்பெயருக்குக் காரணமாகும்.

அழகே அச்செடிக்குப் பகையாயிற்று. வட இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் நிலங்களில் ஒரு காலத்தில் அது செழித்திருந்தது. மக்கள் அதன் மலரைக் கொய்தனர். செடியையும் வேரோடு பெயர்த்துச் சென்றனர். 1917ஆம் ஆண்டில், அந்நாட்டில் அது அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. பின்னர் 1930இல் யார்க்‌ஷயர்ப் பகுதியில் ஒரே ஒரு செடி காணப்பட்டது. அன்பர் சிலர் அது நிற்கும் இடத்தை வெளியிடாமல், பல்லாண்டு காலம் காவல் காத்தனர்.

ஒரு செடி எஞ்சியிருப்பினும், அதன் விதைகளைத் தூவி இனத்தைப் பெருக்கலாகாதா? அது அத்துணை எளிதன்று. நெல்லிலும் அவரையிலும் இளமுளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கின்றது. தூசியினும் நுண்ணிய ஆர்க்கிடு விதையிலோ அத்தகைய சேமிப்பு இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையின் இழைகள் விதைக்குள் புகுந்து உணவளித்தால்தான் அது முளைக்கும். இவ்வுண்மையை 1899இல் பிரான்சு நாட்டு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சையின் துணையின்றியே, சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் விதைகளை முளைக்கச் செய்யலாம் என்பதை 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நுட்சன் மெய்ப்பித்தார்.

இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தார் 1983 முதல் இவ்வழியில் முயன்று, கண்ணாடிக் குடுவைகளில் நாற்றுகளை வளர்த்தனர். 1989இல் அவற்றைக் காட்டில் நடத் தொடங்கினர். அங்ஙனம் நட்ட செடிகளுள் முதலாவது மலர்ந்தது 2000ஆம் ஆண்டில்தான்! பறிப்பதற்கு ஒரு நொடி போதும். மீட்பதற்கோ பல்லாண்டுகள் வேண்டும்.

இச்செடியை வளர்க்க விரும்புவோர் முதலில் மண்ணைப் பேணுதல் வேண்டும். நீர் தேங்காத, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணே இதற்கு ஏற்றது. மரநிழலினூடே சிறிது வெயில் படவேண்டும். வளரும் பருவத்தில் ஈரம் வற்றலாகாது. மிகுதியான உரமும் ஆகாது. குளிர்காலத்தில் இலைகள் மடிந்துவிடும். செடி பட்டுவிட்டதென எண்ணித் தோண்டிவிடுதல் தவறு. மண்ணுக்குள் தண்டும் மொட்டும் உயிரோடு உறங்குகின்றன. வசந்தம் வந்ததும் அவை மீண்டும் தளிர்க்கும்.

தோட்டத்திற்கு வேண்டிய செடியை, விதையிலிருந்து நாற்று வளர்ப்போரிடமே பெறுதல் வேண்டும். காட்டில் பூத்திருக்கும் ஆர்க்கிடைக் கண்டால், கண்ணாரக் கண்டு மகிழ்ந்து அங்கேயே விட்டுவருதல் நம் கடமையாகும். நாம் கண்ட அழகை நமக்குப் பின் வருவோரும் காண வேண்டுமன்றோ?