நாலரை ஏக்கர் திராட்சைத் தோட்டமும் முகவரி இல்லாத பாக்கெட்டும்

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவைச் சற்றே சுருக்கி, வாசிப்பதற்கு ஏற்பத் திருத்திய எழுத்து வடிவம்.)

கள்ளக்குறிச்சியிலிருந்து பேசுகிறேன்.

போன எபிசோடில் கல்வராயன் மலைத்தேனைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்ட நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "மலைக்கு மலை தேன் ருசி மாறும்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். ஆனா வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசின்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? அதுக்குன்னு தனியா காசு குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

நம்புகிறார்கள். காசும் கொடுக்கிறார்கள். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு ஏலம் நடந்தது. முக்கால் லிட்டர் ஒயின், ஒரே ஒரு பாட்டில், 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 4 கோடி ரூபாய். அந்த ஒயினின் பெயர் ரோமனே-கோந்தி. அது விளைந்த தோட்டத்தின் பெயரும் அதுதான். அந்தத் தோட்டம் மொத்தம் 1.81 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர்.

முதலிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இந்த ஒயினை நான் குடித்ததில்லை, குடிக்கப் போவதும் இல்லை. ரெண்டாவது, கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு மதுவைப் பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதுக்காகத்தான் இந்த எபிசோடே.

வரப்புக்கு அந்தப் பக்கம்

பிரான்சின் கிழக்கே பர்கண்டி என்ற பகுதி. அங்கே டிஜோன் நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவு ஓடுகிறது. மலை என்று சொல்ல முடியாது, நம்ம ஊர்க் கரடு மாதிரி. அந்தச் சரிவில் வோன்-ரோமனே என்று ஒரு சின்ன கிராமம். அதன் பழைய பெயர் வெறும் வோன். ரோமனே தோட்டத்துக்கு இருந்த பேரைப் பார்த்து 1866-ல் தோட்டத்தின் பெயரை ஊர் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஊர்ப் பெயரில் தோட்டம் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். இங்கே தோட்டத்தின் பெயரில் ஊர் இருக்கிறது.

ரோமனே-கோந்திக்கு மேலே, சரிவில் அதை ஒட்டியே லா ரோமனே என்று இன்னொரு தோட்டம். அது இன்னும் சின்னது, 0.85 ஹெக்டேர். ரெண்டு ஏக்கரும் கொஞ்சமும். கீழே ரோமனே-சேன்-விவான், பக்கத்தில் ரிஷ்பூர். எல்லாவற்றிலும் ஒரே கொடிவகை, பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை. ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் ஒவ்வொரு தோட்டத்து ஒயினும் தனித்தனிப் பெயரில், தனித்தனி விலையில் விற்கிறது. இப்படி எல்லை குறித்துப் பெயர் வைத்த துண்டு நிலத்தை அங்கே 'கிளிமா' என்கிறார்கள். அந்தச் சரிவில் மட்டும் 1,247 கிளிமா இருக்கின்றன. 2015-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எதனால் மாறுகிறது? மேல்மண் ஆழமில்லை, முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் கூட. அதன் கீழே சுண்ணாம்புப் பாறை. மேலே களியும் சுண்ணாம்பும் கலந்த, இரும்புச் சத்துள்ள மண். சரிவு கிழக்கே பார்த்திருப்பதால் காலை வெயில் நேராக விழும். பெய்த மழை தேங்காமல் வடிந்துவிடும். கொடி தண்ணீரைத் தேடிப் பாறை இடுக்கில் வேர்விட வேண்டும். சரிவின் அடியில் மண் ஆழம், ஈரம் அதிகம். அங்கே கொடி தழைக்கும், பழத்தில் சாரம் குறையும். சரிவின் உச்சியில் மண்ணே இல்லை, குளிரும் கூட. நடுச்சரிவில் எல்லாம் அளவாக இருக்கிறது. ரோமனே-கோந்தி அந்த நடுச்சரிவு.

நம்ம விவசாயிகளுக்கு இது புதுசு இல்லை. ஒரே ரகத்து மரவள்ளியை மலைச்சரிவிலும் கீழே ஓடையோரத்திலும் நட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். "அந்தக் கொல்லைக் கிழங்கு வேற, இந்தக் கொல்லைக் கிழங்கு வேற"ன்னு சொல்வார்கள்.

ருசியின் குணம்

பினோ நுவாரின் தோல் மெல்லியது. சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. அதனால் இந்த ஒயின் கறுத்து இருக்காது. டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். அந்தத் துவர்ப்பை ஒயின்காரர்கள் டானின் என்பார்கள். நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கல்வராயன் மலைக் கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதுதான் டானின். தோல் பதனிடக் கடுக்காயை வாங்கினதும் அதுக்காகத்தான். பினோ நுவாரில் அந்தத் துவர்ப்பு பட்டு மாதிரி மெலிசாக இருக்கும்.

ருசித்தவர்கள் ரோமனே-கோந்தியைப் பற்றி எழுதும்போது வலு என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை, வாசனையைத்தான் சொல்கிறார்கள். உதிரப் போகிற ரோஜா இதழ், மசாலாப் பொருள், ஈரமண். குடித்து முடித்த பிறகும் நெடுநேரம் வாயில் நிற்கும் என்கிறார்கள். மெல்லிய தோல், மிதமான நிறம் என்பதால் மண்ணின் வேறுபாட்டை மறைக்க இந்தத் திராட்சையிடம் திரை எதுவும் இல்லை. பர்கண்டியின் ரகசியத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் எல்லாம் அந்த நிலத்தில் பிறக்கும் கருப்பொருள். இந்தக் கருத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கிற சொல் 'தெர்வார்'. கல்வராயனுக்கு வடக்கே, செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாத்தில், மூங்கில் குழாயில் ஊறி முதிர்ந்த தேறல் வருகிறது. மலை, தேன், மூங்கில், காலம். இந்தப் பேச்சு நமக்கு அந்நியம் இல்லை.

பெயரைக் காத்த கதை

மண் மட்டும் போதுமா? போதாது. அந்தச் சரிவை முதலில் துண்டு துண்டாகக் கவனித்தவர்கள் கிறித்தவத் துறவிகள். இந்தத் தோட்டம் ஒரு காலத்தில் சேன்-விவான் மடத்துக்குச் சொந்தம். 1395-ல் பர்கண்டிக் கோமகன் பிலிப், அதிகம் காய்க்கிற கமே என்ற கொடியைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். விளைச்சல் குறைந்தாலும் பினோ நுவார் தான் வேண்டும் என்றார். 1760-ல் கோந்தி இளவரசர் தோட்டத்தை வாங்கினார், அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகி 1794-ல் விற்கப்பட்டது. கை மாறி மாறி, இன்று இரண்டு குடும்பங்கள் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. இத்தனை கை மாறியும் தோட்டத்தைக் கூறு போடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் திராட்சைக் கொடிகளை அழித்தது. பெரும்பாலோர் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி நட்டார்கள். ரோமனே-கோந்தியில் மண்ணுக்குள் மருந்து செலுத்தியே பழைய சொந்த வேர்க் கொடிகளை 1945 வரை காப்பாற்றினார்கள். போர்க்காலத்தில் மருந்து கிடைக்கவில்லை. 1945-ன் கடைசி அறுவடையில் கிடைத்தது சுமார் 600 பாட்டில். பிறகு கொடிகளைப் பிடுங்கி, 1947-ல் ஒட்டுக்கொடி நட்டு, 1952 வரை அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை. புதுக்கொடி காய்த்தபோதும், இன்னும் வயசு வரட்டும் என்று காத்திருந்தார்கள். 4 கோடிக்குப் போன பாட்டில் அந்த 1945-தான்.

அந்த விலை ருசிக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இப்போதும் ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில்தான் வருகிறது. உலகம் முழுக்கப் பணக்காரர்கள் போட்டி போடுகிறார்கள். வாங்கியவர்களில் பலர் குடிக்கவே மாட்டார்கள், நிலம் மாதிரி வாங்கி வைப்பார்கள். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒயினுக்கு ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டங்கள் ருசி ரசிகர்களால் வந்தவை அல்ல, கலப்படத்தால் வந்தவை. வேர்ப்பேன் அழிவுக்குப் பிறகு ஒயின் பற்றாக்குறை வந்தது. சர்க்கரைத் தண்ணீரையும் உலர்ந்த திராட்சையையும் வைத்து ஒயின் செய்தார்கள், மலிவான சரக்கில் பேர்பெற்ற ஊர்ப் பெயரை ஒட்டினார்கள். 1905-ல் கலப்படத் தடுப்புச் சட்டம், 1935-ல் தோற்றப்பெயர்ச் சட்டம். 1936-ல் ரோமனே-கோந்திக்கு அந்தத் தகுதி. எல்லை எது, எந்தக் கொடி, ஏக்கருக்கு எவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. இன்னும் போலி வருகிறது. ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே போலி பர்கண்டிகளைத் தயாரித்து விற்று, 2014-ல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் மாட்டியதற்கு ஒரு காரணம், ஒரு தோட்டத்தார் அந்த ஒயினைச் செய்யவே தொடங்காத ஆண்டுகளை லேபிளில் போட்டுவிட்டார். பதிவேடு இருந்ததால் பொய் அகப்பட்டது.

முகவரி இல்லாத பாக்கெட்

இப்ப நம்ம ஊருக்கு வருகிறேன்.

2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி கருணாபுரம். பாக்கெட்டில் வந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். உள்ளே இருந்தது மெத்தனால், ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. குடிக்கிற ஆல்கஹால் எத்தனால். மெத்தனால் பார்வைக்கும் வாசனைக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும். ஆனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும். நாக்கால் கண்டுபிடிக்க வழியில்லை.

அதுக்கப்புறம் நாலு நாள் டி.வி.யில் கல்வராயன் மலையையே காட்டினார்கள். மலையில் சாராயம் காய்ச்சிய வரலாறு உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மண்ணில் விளைந்ததோ அடுப்பில் காய்ச்சியதோ இல்லை. ஆலைச் சரக்கு. அது எந்த ஊரில் பிறந்தது என்று பாக்கெட்டில் ஒரு எழுத்து கிடையாது. குடித்தவரிடம் கேட்டால் விற்றவரைச் சொல்வார், விற்றவர் கொடுத்தவரைச் சொல்வார். அதற்கு மேல் போலீஸ்தான் தேட வேண்டும்.

ஒரு பானத்துக்கு நாலரை ஏக்கர் அளவுக்குத் துல்லியமான முகவரி. இன்னொன்றுக்கு முகவரியே இல்லை. முதலாவதைப் பணக்காரர்கள் குடிக்கிறார்கள், ரெண்டாவதை ஏழைகள் குடித்துச் சாகிறார்கள். "பாட்டில் விலை 4 கோடி"ன்னு வாயைப் பிளந்துவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை எனக்கு. முகவரி என்பது ஆடம்பரம் இல்லை. நாளைக்கு யார் கதவைத் தட்டலாம் என்பதற்கான சீட்டு அது.

மலைக்கு ஒரு பெயர்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறிப் பாருங்கள். மரவள்ளி, சாமை, தினை, கடுக்காய், புளி, பலா, தேன். எல்லாம் மூட்டையாகக் கீழே இறங்குகிறது. கீழே இறங்கின நிமிஷமே பெயர் போய்விடுகிறது. கிழங்கு ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது சேலம் ஜவ்வரிசி. கடுக்காய் நாட்டுமருந்துக் கடையில் வெறும் கடுக்காய். விலையைச் சொல்கிறவர் கீழே இருப்பவர்.

பெயர் வாங்கினால் பணம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு வந்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் வந்தது. சான்றிதழை பிரேம் போட்டு மாட்டினால் மட்டும் உளியோ கொடியோ வாழாது. பர்கண்டிக்காரர்கள் செய்தது நாலு வேலை: எல்லை போட்டார்கள், விதி எழுதினார்கள், கணக்கு வைத்தார்கள், தரம் குறைந்த ஆண்டில் விற்காமல் இருக்கவும் துணிந்தார்கள். கடைசி வேலைதான் கஷ்டம். அதுக்குக் கையில் கொஞ்சம் காசு வேண்டும். மலையில் தனியாக ஒரு குடும்பத்தால் அது முடியாது, கூட்டாகச் செய்தால் முடியும்.

நண்பருக்கு என் பதில் இது. வரப்புக்கு அந்தப் பக்கம் ருசி மாறும். ஆனால் அந்த வரப்பு எங்கே என்று அறுநூறு, எழுநூறு வருஷமாக யாரோ ஒருவர் விடாமல் எழுதி வைத்ததால்தான் அது நமக்குத் தெரிகிறது.

அடுத்த முறை மலைத்தேன் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த ஊர்த் தேன், எப்ப எடுத்தது?" பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள். பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

அடுத்த எபிசோடில் கடுக்காய். துவர்ப்போடு சந்திப்போம்.