மலைச்சரிவும் இருவீச்சு எஞ்சினும்

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் தேயிலை, ஏலத் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் அமைந்துள்ளன. அங்குப் புல்வெட்டும் இயந்திரத்தைத் தொழிலாளி தோளில் சுமந்தே இயக்க வேண்டும். எனவே எடையே முதற் பிரச்சினை.

இதற்கு 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சு எஞ்சின் ஏற்றதாயிற்று. நான்கு வீச்சு எஞ்சின் இரு சுற்றுகளுக்கு ஒருமுறை ஆற்றல் தர, இது ஒவ்வொரு சுற்றிலும் தருகிறது. மசகு எண்ணெய் பெட்ரோலிலேயே கலக்கப்படுவதால், எப்பக்கம் சாய்த்தாலும் இயங்கும்.

ஆயினும், பழைய அமைப்பில் எரிபொருளில் ஏறத்தாழக் கால் பங்கு எரியாமலே புகையுடன் வெளியேறுகிறது. அப்புகையை முதலில் சுவாசிப்பவர் தொழிலாளியே.

சாய்த்து இயக்கத்தக்க சிறிய நான்கு வீச்சு எஞ்சின்கள் 1990-களில் வெளிவந்தன; மின்கலக் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் போன்ற திட்டங்களில் மானியத்திற்குரிய கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, விலை, எடை ஆகியவற்றுடன் புகையையும் கணக்கில் கொள்ளுதல் அவசியமாகும்.