சிலி நாட்டில் ஒரு திறந்த கதவு

இரவில் ஒருவரை வீடு புகுந்து பிடித்துச் சென்றுவிட்டால், விடிந்ததும் அவருடைய தாய் எங்கே போவாள்? காவல் நிலையத்தில், "அப்படி யாரும் இங்கே இல்லை" என்பார்கள். படைமுகாமிலும் அதே மறுமொழிதான். 1973 செப்டம்பர் 11ஆம் நாள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் படைத்தலைவர் பினோசே ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், தொழிற்சங்கத்தார், மாணவர், குடியானவர் எனப் பல்லாயிரம் குடும்பங்கள் இந்நிலைக்கு ஆளாயின.

அடுத்த மாதமே கத்தோலிக்கர், லூத்தரன், மெதடிஸ்து சபையார், யூதர் ஆகியோர் கூடித் தலைநகர் சாந்தியாகோவில் ஓர் உதவிக் குழுவை ஏற்படுத்தினர். அதன் தலைவர்களுள் ஒருவரான லூத்தரன் ஆயர் எல்முத் பிரென்ஸ் வெளிநாடு சென்றிருந்தபோது, 1975இல், நாடு திரும்ப அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் குழுவையே கலைத்துவிடுமாறு பினோசே பேராயரை வற்புறுத்தினார்.

பேராயர் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கெஸ், நாம் நன்கறிந்த சலேசிய சபையைச் சேர்ந்தவர், சட்டமும் பயின்றவர். குழு கலைந்தது. ஆனால் 1976 சனவரி முதல் நாள், மறைமாவட்ட நிர்வாகத்தின் ஓர் உறுப்பாகவே "தோழமைப் பணியகம்" ஒன்றை அவர் நிறுவினார். சங்கத்தைக் கலைக்கலாம், மறைமாவட்டத்தை எந்த ஆணையால் கலைப்பது? குருக்களாகிய நமக்கும் இத்தகைய விவேகம் சற்று வேண்டும்.

பேராலயத்தை அடுத்திருந்த அவ்வலுவலகத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணீரோடு வந்தவரை முதலில் அமர வைத்துக் கேட்டார்கள். யாரை, எங்கிருந்து, எப்பொழுது, யார் கண்முன்னே கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் எழுத்தில் பதிந்தது. பின்னர் வழக்கறிஞர்கள் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வார்கள். ஆயிரக்கணக்கான மனுக்கள்! நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. தள்ளப்படும் என்று தெரிந்தே மனு எழுதுவானேன் என்று கேட்கத் தோன்றும். பிடித்துச் சென்றவனுக்கு, இம்மனிதனைத் தேட ஆளுண்டு என்று அந்தத் தாள் அறிவித்தது. தள்ளுபடியான மனுவும் நாளும் பெயரும் தாங்கிய சான்றாக நின்றது.

காயமுற்றோர்க்கு மருத்துவம், வேலையிழந்தோர் பிள்ளைகளுக்குப் பங்குகளில் உணவு ஆகியவையும் நடைபெற்றன. காணாமற்போனோரின் மனைவியரும் தாயரும் கந்தல் துணியில் தங்கள் துயரத்தைப் படமாகத் தைத்தனர். பணியகம் அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றுக்கொடுத்தது. வந்தவரிடம் ஞானஸ்நானச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. பொதுவுடைமையாளரும் கடவுளை நம்பாதவரும் உதவி பெற்றனர். "இது அரசியல்" என்று முணுமுணுத்த கத்தோலிக்கரும் இருந்தனர். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன குருவும் லேவியனும் இப்படித்தான் ஏதேனும் காரணம் வைத்திருந்திருப்பார்கள்.

காணாமற்போனோர் பட்டியலில் பலர் சட்டப்படி இருந்தவர்களே அல்லர் என்று 1975இல் ஐக்கிய நாடுகள் அவையில் அரசு சாதித்தது. 1978 நவம்பரில், இரகசியமாகக் கிடைத்த ஒரு செய்தியை நம்பி, துணை ஆயர் என்ரிக்கே அல்வேயர் உள்ளிட்டோர் லோன்கேன் என்னுமிடத்துப் பழைய சுண்ணாம்புச் சூளைக்குச் சென்றனர். உள்ளே மனித எலும்புகள். 1973 அக்டோபரில் கைதான 15 பேர் அவர்கள்.

இப்பணிக்கு விலை கொடுக்க நேர்ந்தது. பணியகத்தின் ஆவணப் பிரிவுத் தலைவர் ஹோசே மனுவேல் பராதா 1985 மார்ச்சில் கடத்தப்பட்டு, வேறு இருவருடன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு, காயமுற்ற ஒருவனுக்கு உதவியதற்காகப் பணியகத்தின் மருத்துவரும் வழக்கறிஞரும் சிறை சென்றனர். 1989இல் படைத்துறை வழக்குத்தொடுநர் மருத்துவக் கோப்புகளைக் கேட்டபோது, ஆயர் செர்கியோ வலேச் தர மறுத்துவிட்டார்.

1990இல் மக்களாட்சி திரும்பியது. கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஆணையத்திற்கு இக்கோப்புகள் பெருந்துணையாயின. பணியகம் 1992 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. ஆவணங்கள் சாந்தியாகோவில் பாதுகாக்கப்படுகின்றன. காணாமற்போனோரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவரின் உடல்கள் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களுள் பலரைத் தேடி வந்த தாயரின் வாக்குமூலங்கள் அங்கே இருக்கின்றன.