பாம்புக் குடமும் மருந்துக் குப்பியும்

அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் பட்டேல் சாலையில், வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு காடு இருக்கின்றது. சற்றேறக்குறைய 270 எக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா அது. புள்ளிமான்களும் வெளிமான்களும் நரிகளும் வாழும் அக்காட்டின் ஓரத்தில், விடுமுறை நாட்களில் பிள்ளைகளின் ஆரவாரம் ஓயாத ஓர் இடம் உண்டு. அதுதான் பாம்புப் பண்ணை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வளர்ந்தவர்களுள், சிறு வயதில் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு அங்கே நல்ல பாம்பை எட்டிப் பார்க்காதவர்கள் குறைவே.

ஏதேன் தோட்டத்து நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பாம்பின்மீது அன்பு பிறப்பது எளிதன்று. வீட்டு முற்றத்தில் ஒன்று தென்பட்டால் முதலில் தடியைத்தான் தேடுகின்றோம். அடித்துக் கொன்றபின், அது நஞ்சுள்ளதா, இல்லாததா என்று விசாரிக்கின்றோம். ஆனால் பாம்பைக் கண்டால் தடியைத் தேடாமல் அதன் தடத்தைத் தேடும் மக்கள் நம் அருகிலேயே வாழ்கின்றனர். அவர்கள் இருளர்கள். சட்டத்தால் தம் தொழிலை இழந்து, அதே சட்டத்திற்குள் தமக்கென ஓர் இடத்தைப் பெற்ற அம்மக்களின் வரலாறு, நம் ஒவ்வொரு குடும்பத்தோடும் தொடர்புடையது. அத்தொடர்பு என்னவென்று பார்ப்போம்.

தோலுக்காகப் பிடித்த காலம்

இருளர்கள் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் வட தமிழகத்தின் பிற பகுதிகளிலும் பரவி வாழும் பழங்குடியினர். வயல் வரப்பில் ஒரு வளையைக் கண்டால் அதனுள் இருப்பது எலியா, பாம்பா என்பதை அவர்கள் வாய்ப்புறத்து மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவர். மண்ணில் படிந்த மெல்லிய தடம், உரித்துப்போட்ட சட்டை, காய்ந்த எச்சம் இவையே அவர்களுக்கு எழுத்துக்கள். கையில் ஒரு கடப்பாறை, தோளில் ஒரு துணிப்பை. வேறு கருவி இல்லை. தந்தையிடமிருந்து மகனும், தாயிடமிருந்து மகளும் காட்டிலேயே கற்கும் கல்வி இது.

அந்தக் கல்விக்கு வணிகர்கள் ஒரு விலை வைத்தார்கள். மேல்நாட்டுப் பெண்களின் கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் பாம்புத் தோல் வேண்டியிருந்தது. சென்னையோ நெடுங்காலமாகவே தோல் வாணிபத்திற்குப் பேர்போன நகரம். சாரையும் நல்ல பாம்பும் இலட்சக்கணக்கில் தோலுரிக்கப்பட்டன. கப்பலேறிய தோல் பெரும்பணம் ஈட்டித் தந்தது. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த இருளருக்கோ சில ரூபாய்களே கிடைத்தன. எலிகளைத் தின்று நெல்லைக் காத்துவந்த பாம்புகள் குறைந்துபோனதைப் பற்றி அன்று கவலைப்பட்டோர் வெகுசிலரே.

அவ்வெகுசிலருள் ஒருவர் ரோமுலஸ் விட்டேக்கர். அமெரிக்காவில் பிறந்து, சிறுவனாக இந்தியாவிற்கு வந்து, இங்கேயே வளர்ந்தவர். பாம்புகளைப் பற்றிய அறிவில் தமக்கு ஆசான்கள் இருளர்களே என்று வெளிப்படையாகச் சொன்னவர். கிண்டிக் காட்டின் ஓரத்தில் 1972ஆம் ஆண்டு பாம்புப் பண்ணை அமைந்தது அவருடைய முயற்சியால்தான். பாம்பைப் பார்த்து மக்கள் அஞ்சுவதற்கு மாறாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

தடை வந்தது, பட்டினியும் வந்தது

அதே 1972ஆம் ஆண்டில்தான் இந்திய நாடாளுமன்றம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. இது மிகவும் தேவையான சட்டம் என்பதில் ஐயமில்லை. அது வந்திராவிட்டால் நம் காடுகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் பல எஞ்சியிரா.

ஆயினும், சட்டத்தின் கண்ணில் வேட்டை என்பது கொல்லுதல் மட்டுமன்று. ஒரு விலங்கைப் பிடிப்பதும், கண்ணி வைப்பதும்கூட வேட்டையே. ஆகவே, முதல் நாள் வரை தொழிலாளியாக இருந்த இருளர், மறுநாள் குற்றவாளியாக நேர்ந்தது. தோல் விற்றுப் பொருள் சேர்த்த வணிகர் வேறு வாணிபத்திற்கு மாறிக்கொண்டார். நிலமோ, படிப்போ, சேமிப்போ இல்லாத குடும்பம் எதற்கு மாறும்? பாம்பின் உயிர் காக்கப்பட்டது. பாம்பு பிடிப்பவரின் அடுப்பு அணைந்தது. இந்த இரண்டும் ஒரே கையெழுத்தால் நிகழ்ந்தவை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வடகோடியில் இதே கேள்வி

இக்கேள்வி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உலகின் வடகோடியில், ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் கனடா நாட்டிலும் இது எழுந்தது. அங்கே பனிப் பாலையில் வாழும் இனுயிட் மக்களுக்குப் பயிர் செய்ய மண் இல்லை. கடல்நாயும் பனிக்கரடியும் அவர்களுக்கு உணவும் உடையும் தந்தன. விமானத்திலும் கப்பலிலும் வந்த வெளியார் கேளிக்கைக்காகப் பனிக்கரடிகளைச் சுட்டு வீழ்த்தவே, அவ்விலங்கு அழிந்துபோகுமோ என்ற அச்சம் பிறந்தது.

1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து நாடுகள் ஆஸ்லோ நகரில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பனிக்கரடி வேட்டை பொதுவாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் பரம்பரையாக அதை நம்பி வாழும் மக்களின் உரிமைக்கு அதில் இடம் விடப்பட்டது. இன்று கனடாவின் நுனாவுட் பகுதியில், எத்தனை கரடிகளை வேட்டையாடலாம் என்று ஊருக்கு ஊர் அளவு குறிக்கப்படுகின்றது. அந்த அளவைக் குறிக்கும் வாரியத்தில் அறிவியலாரின் கணக்கோடு, இனுயிட் பெரியோரின் அனுபவமும் கேட்கப்படுகின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1983இல் ஐரோப்பிய நாடுகள் கடல்நாய்க் குட்டிகளின் வெண்தோலை வாங்குவதில்லை என்று முடிவு செய்தன. இனுயிட் மக்கள் அந்தக் குட்டிகளைக் கொல்பவர்கள் அல்லர்; உணவுக்காக வளர்ந்த கடல்நாய்களையே பிடிப்பவர்கள். எனினும் சந்தை ஒட்டுமொத்தமாகச் சரிந்தது; அவர்களுடைய சிற்றூர்களில் வறுமை புகுந்தது. எங்கோ ஓரிடத்தில் நல்லெண்ணத்தோடு எழுதப்படும் விதி, வேறோரிடத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று எண்ணிப் பார்ப்பதும் நல்லெண்ணத்தின் ஒரு பகுதியே.

வடநெம்மேலியில் கிடைத்த விடை

நம் இருளர்களுக்கு விடை 1978ஆம் ஆண்டில் பிறந்தது. விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் துணை நிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகின்றது. சிலரோடு தொடங்கிய சங்கத்தில் பின்னர் முந்நூறுக்கும் மேற்பட்டோர், பெண்களும் உட்பட, உறுப்பினராயினர்.

இந்தச் சங்கம் தோலை விற்பதில்லை. நஞ்சை விற்கின்றது. அரசு ஆண்டுதோறும் அனுமதி தந்து, எந்த இனத்தில் எத்தனை பாம்புகள் என்று எண்ணிக்கையையும் வரையறுக்கின்றது. உயிர் காக்கும் மருந்துக்கென நஞ்சு எடுப்பதற்காகப் பாம்பு பிடிக்க அனுமதி வழங்கலாம் என்று வன உயிரினச் சட்டமே இடமளிக்கின்றது. பிடிக்கப்படுபவை நான்கே இனங்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடியால் நிகழும் மரணங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இந்நான்குமே காரணம் என்று கருதப்படுகின்றன.

பிடித்துக் கொணர்ந்த பாம்பை மண் குடத்தில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கின்றனர். குடத்தின் மேல் இனமும் தேதியும் எழுதப்படுகின்றன. வாரம் ஒரு முறை பாம்பை வெளியே எடுத்து, கண்ணாடிக் குவளையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய படலத்தைக் கடிக்கச் செய்கின்றனர். மஞ்சள் நிறமாகவோ நிறமற்றோ சில துளிகள் விழுகின்றன. ஏறத்தாழ நான்கு வாரங்களில் நான்கு முறை இவ்வாறு நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டுப் பாம்பைக் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அடையாளம் எதற்கு? அண்மையில் நஞ்சு கொடுத்த பாம்பு மறுபடியும் அகப்பட்டால், அதற்கு ஓய்வு தரவேண்டும் என்பதற்காகவே. அரசு விதித்த அளவுக்கு மேல், இவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட அளவு இது.

எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டு, மருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் செல்கின்றது. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளின் உடலில் செலுத்துகின்றனர். குதிரையின் இரத்தத்தில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகின்றது. அதைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிக் குப்பியில் அடைக்கின்றனர். நம் நாட்டில் விஷமுறிவு மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக இந்தச் சங்கத்திலிருந்தே வந்திருக்கின்றது. அரசு மருத்துவமனையில் செவிலியர் எடுக்கும் சிறு குப்பிக்குப் பின்னால் ஒரு மண் குடமும், அதை நிரப்பிய ஒரு கையும் இருக்கின்றன.

கடல் கடந்த கைத்திறன்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இந்தக் கையை நாடியது. அங்கே வளர்ப்பாரிடமிருந்து தப்பிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள், சதுப்புநிலத்தின் சிறு விலங்குகளையும் பறவைகளையும் தின்று தீர்த்து வந்தன. எத்தனையோ முறைகளை முயன்று களைத்தவர்கள், மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்களை அழைத்தனர். மொழியும் தெரியாது, மண்ணும் புதிது. ஆயினும் சென்ற சில நாட்களிலேயே 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்துக் காட்டினர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. பள்ளிச் சான்றிதழால் அளக்க முடியாத ஓர் அறிவை நாடு காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டது.

பட்டம் வந்ததால் கவலை தீர்ந்துவிடவில்லை. அனுமதி ஆணை தாமதமாகும் ஆண்டில் சங்கத்திற்கு வேலை இல்லை. உறுப்பினர் வீட்டில் வருமானமும் இல்லை. பாம்புகள் வாழ்ந்த புறம்போக்கும் ஏரிக்கரையும் மனைகளாகி வருகின்றன. மேலும், ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்திற்கு இடம் மாறுபடுவதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். ஆதலால் தமிழகத்து நஞ்சால் செய்த மருந்து பிற மாநிலங்களில் அதே அளவு பயன் தருவதில்லை. அந்தந்தப் பகுதியிலும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்றால், இருளர்களின் அனுபவம் அங்கும் தேவைப்படும். பிள்ளைகள் இத்தொழிலைக் கைவிட்டு வேறு வேலை தேடிச் செல்வதை நாம் குறைகூற இயலாது. ஆனால் அத்தொழிலில் மதிப்பும் நிலையான ஊதியமும் இருந்தால், அவர்களுள் சிலராவது தொடர்வர் அல்லவா?

நம் வீட்டிற்கு ஒரு செய்தி

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கின்றனர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது.

சொந்த ஊருக்குப் பிள்ளைகளோடு செல்லும் நகரத்துக் குடும்பங்கள் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். இருட்டில் விளக்கின்றி நடக்கவேண்டாம். தரையில் படுப்போர் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொள்ளட்டும். கடி நேர்ந்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கையே செய்யும். கடிபட்டவரைத் தேற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவதே வழி. மந்திரிப்பவரைத் தேடிச் செலவாகும் ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலையாகிவிடும்.

அடுத்த விடுமுறையில் கிண்டிக்கோ வடநெம்மேலிக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டிருக்கும் பாம்பைக் காட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். அதைக் கொல்லாமல் பிடித்து, அளவோடு எடுத்து, அடையாளமிட்டுத் திருப்பி விடும் மனிதரைப் பற்றியும் சொல்லுவோம். தடை எழுதிய சட்டம் பாம்பைக் காத்தது. அத்தடைக்குள் ஒரு கதவைத் திறந்துவைத்த சட்டமோ பாம்பையும், அதைப் பிடிப்பவரையும், அதனிடம் கடிபடுகிறவரையும் ஒருசேரக் காத்தது. அக்கதவு மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரசுக்கு மட்டும் உரியதன்று. அந்தக் குப்பியை என்றேனும் நாடக்கூடிய நம் அனைவருக்கும் உரியது.