வாயில் புண், மனசில் பாரம்

"தவணை தேதி நெருங்கினாலே எனக்கு வாயில புண்ணு வந்துடுது." உத்திரமேரூர் பக்கம் குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "உடம்பு சூடு, மோர் குடி" என்பார் பக்கத்தில் இருப்பவர். அதோடு பேச்சு முடிந்துவிடும். தவணை என்று அந்தச் சகோதரி சொன்னதை யாரும் காதில் வாங்குவதில்லை.

மனக்கவலைக்கும் அடிக்கடி வரும் வாய்ப்புண்ணுக்கும் தொடர்பு உண்டு. கவலை நீடித்தால் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடுமாறுகிறது. யோசனையில் நமக்கே தெரியாமல் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக் கொள்கிறோம். அந்த இடமும் புண்ணாகிறது. வந்த புண் ஆறவும் நாளாகிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல் அண்ணத்தில் சின்னக் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். விடுமுறையில் ஒரு தடவை, பரீட்சை நேரத்தில் ஒரு தடவை. பரீட்சை நேரத்துக் காயம் ஆற சராசரியாக 3 நாள் கூடுதலாக ஆனது. 1998-ல் வெளிவந்த ஆய்வு இது. பரீட்சைக்கே இப்படி என்றால் வட்டிக்கடன், வீட்டுக்காரர் குடி, மகள் கல்யாணம் என்று சுமப்பவர்களை என்ன சொல்ல!

அதற்காக எல்லாப் பழியையும் கவலை மேல் போடவும் கூடாது. இரும்புச்சத்து, பி12, போலிக் அமிலம் குறைந்தாலும் புண் திரும்பத் திரும்ப வரும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. (வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யாருன்னு நமக்குத் தெரியாதா?) கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதை விட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்துக் கொள்ளுங்கள். மணத்தக்காளிக் கீரை நல்லதுதான், சாப்பிடுங்கள். காரத்தைக் குறைத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். இந்தப் புண் ஒட்டுவாரொட்டி இல்லை, தனித் தட்டு தேவையில்லை.

தவணை கட்ட முடியாது என்றால் முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள். கூடிப் பேசினால் வழி கிடைக்கும், மறைத்து வைப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. குழுவில் சொல்லக் கூச்சமா? 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். 2 வாரம் தாண்டியும் ஆறாத புண், ஓரம் தடித்த புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், வலி இல்லாவிட்டாலும், "கவலையாலதான்" என்று விட்டுவிடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாக்கள் ரொம்பக் கவனம். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கேயும் முதலில் செய்வது பரிசோதனைதான். துணைக்குக் குழுவிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள்.